ஒற்றைச் சக்கரம்

வால் மட்டும் பதினெட்டு கிலோ.
ரெனாட்டாவின் எடையை எழுதக்கூடாது;
எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.
இரண்டையும் தள்ளுவண்டியில் ஏற்றி
பன்றிக் கண்காட்சிக் கொட்டகையைத் தாண்டி
புல் பொசுங்கிய மைதானத்தின் குறுக்கே தள்ளுகிறேன்.
நெப்ராஸ்கா. ஜூலை.
எந்தத் திசையில் போனாலும் கடலுக்கு
இரண்டு நாள் கார் ஓட்ட வேண்டும்.

"வழி விடுங்கள், வழி விடுங்கள்,
காய்ந்துவிடப் போகிறாள்!"
கத்துவதும் என் வேலைதான்.
அப்பாக்கள் சிரிப்பார்கள்.
பிள்ளைகள் சிரிக்கமாட்டார்கள்.
அவர்களுக்கு அது நிஜமான அவசரம்,
விலகி நின்று வயிற்றை உள்ளிழுத்துக்கொள்வார்கள்.

மாடுகள் தண்ணீர் குடிக்கும் தகரத் தொட்டி
இன்றைக்கு அவள் குளம்.
வாசெக் பண்ணையிலிருந்து இரவல்.
உப்பு ஒரு கல்கூடக் கிடையாது,
அடியில் கொஞ்சம் பாசி.
தேய்க்க மறந்துவிட்டேன் என்றேன்.
இருக்கட்டும், பொருத்தமாக இருக்கிறது என்றாள்.

மார்ச்சில் விவாகரத்து.
ஒப்பந்தங்கள் ஆகஸ்ட் வரை.
நீதிபதி பிரித்துக்கொடுத்த பட்டியலில்
டிரக் எனக்கு, வால் அவளுக்கு.
டிரக் இல்லாமல் வால் எங்கேயும் போகாது.
வால் இல்லாத டிரக் எங்கே போகும் என்று
எனக்கும் தெரியவில்லை.
சனிக்கிழமைக்கு நாற்பது டாலர், பெட்ரோல் தனி.

கேள்வி நேரம்.
என்ன சாப்பிடுவாய்?
பாசி. பிறகு பீட்சா.
எப்படி ஒன்றுக்குப் போவாய்?
அது கடலின் ரகசியம்.
சுறா என்றால் பயமா?
சுறாவின் அம்மாவை எனக்குத் தெரியும்.
பிறகு முன்பல் விழுந்த ஒரு பையன்,
முதுகில் இன்ஷூரன்ஸ் விளம்பரம் அச்சடித்த பனியன்:
உன் வீடு எந்தப் பக்கம்?

தயங்கவில்லை. கையை நீட்டினாள்
தானியக் கிடங்கின் கோபுரத்தை நோக்கி.
அந்தப் பக்கம் சவுத் டகோட்டா.
பிள்ளைகள் மொத்தமும் திரும்பிப் பார்த்தார்கள்.
நானும் பார்த்தேன்.

அவள் கடலைப் பார்த்ததேயில்லை.
தேனிலவுக்குக் கிளம்பினோம், கால்வெஸ்டனுக்கு.
கான்சாஸில் கியர்பெட்டி உடைந்தது.
நான்கு நாள் ஒரு சாலையோர விடுதி;
அங்கே நீச்சல்குளத்தை வடித்துவிட்டிருந்தார்கள்.
வெறுங்குளத்தின் நீலத் தரையில் படுத்து
இரண்டு கால்களையும் சேர்த்துவைத்து அடித்துக் காட்டினாள்.
நான் சிரித்தேன்.
அந்தச் சிரிப்பில்தான் இந்தத் தொழில் பிறந்தது என்பாள்.
வக்கீலிடம் வேறு மாதிரி சொன்னாள்.

நான்கு மணிக்கு டிரெய்லருக்குப் பின்னால்
வாலை உரிக்க வேண்டும்.
தலைக்குப் போடும் கண்டிஷனர் அரைப் புட்டி ஊற்றி
இடுப்பிலிருந்து அவள் தள்ள,
துடுப்பைப் பிடித்து நான் இழுக்க,
கன்று ஈனும் மாட்டுக்கு உதவுவது மாதிரி.
ஊறி வெளுத்து வரும் அவள் கால்கள்,
முழங்காலில் சிலிக்கோன் மடிப்பு பதிந்திருக்கும்.
பார்வையை எங்கே வைப்பது என்று
ஒவ்வொரு சனிக்கிழமையும் புதிதாக யோசிக்கிறேன்.

இன்று அந்தப் பையன் நின்றிருந்தான்.
கையில் காகிதத் தட்டு.
ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே அவள்.
யாரும் பேசவில்லை.
கொட்டகையில் ஏதோ ஒரு பன்றி பரிசு வாங்கியது,
கைதட்டல் கேட்டது.

கண்களை இறுக மூடிக்கொண்டான்.
குனிந்து, தடவி, தட்டைத் தரையில் வைத்தான்.
"நான் எதையும் பார்க்கலை" என்றான்.
மூடிய கண்களோடே பின்னால் நடந்தான்,
கூடாரக் கயிறு தடுக்கி விழுந்து
எழுந்து, அப்போதும் திறக்காமல்.

தட்டில் பாதி கடித்த எண்ணெய்ப் பலகாரம்.
ரெனாட்டா எடுத்துத் தின்றாள்,
முகவாயெல்லாம் சர்க்கரைத் தூள்.
மிச்சத்தை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.
"வடக்கையா காட்டினேன்?"
"வடக்கைத்தான்."
"போய்க்கொண்டே இருந்தால் அங்கேயும் ஒரு கடல் வரும்."
"வரும். உறைந்த கடல்."
"வருமில்லையா?" என்றாள்.

வண்டிச் சக்கரத்தில் காற்றுக் குறைவு.
அடுத்த சனி, யார்க் நூலகம், காலை பத்து.